திருகுமூலம்

"எட்டாம் தாள். சுவர் அடிப்பிடி. ஆறு திருகுகள்.
இந்த ஆறு எங்கிருந்து வந்தது?"
சிவப்பு மையில் ஓயார்சோ கேட்டிருந்தார்.
நகராட்சியில் அவர் ஒருவர்தான்
வரைபடத்தைக் கடைசித் தாள்வரை படிப்பவர்.

மதியத்துக்குள் பதில் எழுதிவிடலாம் என்று
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி உட்கார்ந்தேன்.
புந்தா அரேனாஸில் அன்று காற்று மணிக்கு நூறு.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
ஜனங்கள் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மரத்துக்கு அட்டவணை உண்டு.
கனத்த உத்திரங்களுக்கு அலமாரி நிறைய உண்டு.
இதுவோ குளிரிலேயே மடித்த தகடு,
முழுசாக ஒரு மில்லிமீட்டர் இல்லை.
அமுக்கினால் முறியாது. நடுப்பகுதி நெளிந்து
பாரத்தை மூலைகளின் தலையில் கட்டிவிட்டு
ஒதுங்கிக்கொள்ளும்.
எங்கள் அலுவலகத்திலும் அப்படிச் சிலர்.

விற்பனையாளரின் பட்டியலில் பொடி எழுத்தில்:
"கையேட்டைப் பார்க்கவும்."
கையேடு ஆங்கிலத்தில், அங்குலத்தில், பவுண்டில்.
அகராதி ஒரு கையில், கால்குலேட்டர் ஒரு கையில்.
அது சொன்னது: "விதிநூலின் விளக்கவுரையைப் பார்க்கவும்."
விளக்கவுரை கைகாட்டியது
வடக்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துச் சோதனை அறிக்கையை.
நூலகப் பெண் நல்லவள், நகலெடுத்து அனுப்பினாள்.
நாற்பது இருந்தது. நாற்பத்திரண்டு இருந்தது.

மூன்றாம் நாள் கொய்யாய்க்கேவுக்குத் தொலைபேசினேன்.
எல்லோரும் ஆறுதானே போடுகிறோம் என்றான் ரெனே.
யார் சொன்னது?
சில்லோயேக்காரர் ஒருவரின் வரைபடத்தில் பார்த்தானாம்.
சில்லோயேக்காரர் நத்தாலேஸ் பள்ளிக் கூரையில் பார்த்தாராம்.
நத்தாலேஸ் கோப்பு வர இன்னும் ஒரு வாரம்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள்.
திருகுமூலம் பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை.

கோப்பு வந்தது. காப்பிக் கறை, மடிப்பில் கிழிசல்.
அடிப்பிடி, ஆறு திருகுகள், அதே அம்புக்குறி.
வலது மூலையில், வரைந்தவர் கட்டத்தில்:
ட. வ. 2011.

டனிட்சா வுகாசோவிச். நான்தான்.

நினைவு வர நேரம் பிடிக்கவில்லை.
படகு ஓடாத ஒரு வியாழன்.
சாரத்தின் மேலிருந்து ஒப்பந்தக்காரர் கத்தினார்: எத்தனை?
அடைப்புத் தகட்டில் ஆறு துளைகள் இருந்தன.
ஆறு என்றேன்.
அவ்வளவுதான் ஆராய்ச்சி.

அந்த ஆறு என்னை விட்டு இறங்கி
ஜலசந்தி கடந்து, தீவு கடந்து, தொப்பி மாற்றி, மரியாதை சேர்த்து,
"எல்லோரும்" என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை யெர்க்கோவின் பட்டறையைத் திறக்கச் சொன்னேன்.
செயின் பிளாக் ஒன்று,
கம்பளி மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று.
தகட்டோடு தகடு, நடுவே ஒரே ஒரு திருகு. இழு.
திருகு உடையவில்லை. மெல்லச் சாய்ந்தது,
சட்டைப் பொத்தான் துணியைக் கிழித்துக்கொண்டு வருவதுபோல்
துளை நீண்டு, வெளியே வந்தது.
நூற்றுத் தொண்ணூறு கிலோ. இருநூற்று நான்கு.
நூற்று எண்பத்தெட்டு. நூற்று எழுபத்தொன்று.
ஐந்தாவது இருநூற்று ஒன்று.
யெர்க்கோ நூற்று எழுபத்தொன்றை அடிக்கலாமே என்றான்,
தராசு ஆடியதாம்.
ஆடவில்லை.

மிகக் குறைந்ததை எடு. மூன்றால் வகு. ஐம்பத்தேழு.
காற்று தூக்கும் பாரம் நானூற்று நாற்பது.
எட்டு.

ஆறும் நிற்கும்,
பதின்மூன்று குளிர்காலம் நின்றிருக்கிறது,
மூன்று பங்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டேகாலோடு.
அந்த முக்கால் பங்கின் அடியில்
பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லியிருக்கிறார்கள்.

ஓயார்சோவுக்கு எழுதினேன்:
எட்டு. ஆதாரம்: யெர்க்கோ பட்டறை, ஞாயிறு,
ஐந்து இழுப்பு, கம்பளித் தராசு, எண்கள் இணைப்பில்.
முந்தைய ஆறின் ஆதாரம்: நான். ரத்து.

அவர் இன்னும் பதில் போடவில்லை.
தராசுக்குச் சான்றிதழ் கேட்பார். கேட்கட்டும்.

வண்டியின் பின்னால் இரண்டு பெட்டித் திருகுகள், ஒரு துளைப்பான்.
நத்தாலேஸ் மூன்று மணி நேரம், காற்று விட்டால்.
பள்ளிக் காவலரிடம் சாவி கேட்டாயிற்று.
ரெனேவிடம்
எத்தனை கூரை என்று கேட்டிருக்கிறேன்.
எண்ணிக்கொண்டிருக்கிறான்.